பதினேழாம் நம்பர்

பேரு எழுதியாச்சு. வயசு எழுதியாச்சு, முப்பத்தொம்பது. தொழில், ரத்தப் பரிசோதனை லேப்ல டெக்னீஷியன். ரத்தப் பிரிவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல மட்டும் கை கம்பீரமா ஓடுச்சு, நம்ம ஏரியால்லா அது. பத்தாவது வரியில பேனா நின்னு போச்சு. அஞ்சு மணியிலேருந்து இந்த சிமெண்ட் பெஞ்சுல உக்காந்து அந்த ஒத்த வரியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ‘முன்பு சாரணியராக இருந்ததுண்டா? உண்டு எனில் ஆண்டு, படைத்தலைவியின் பெயர்.’ கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. இப்படி ஒரு ஃபாரம்ல இப்படித்தான் கேப்பாங்க. நாள் முழுக்க அடுத்தவங்க ரத்தத்தை டியூப்ல வாங்கிப் பேரு ஒட்டுதவ நான், ஒரு நாளைக்கு நூத்தம்பது டியூப், ஒண்ணு மாறாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பேரை எழுத அரை மணி நேரமா? இல்லைன்னு எழுதிட்டா முடிஞ்சுது சோலி. நாலு எழுத்துகூட இல்ல. யாரு போயி இருபத்தாறு வருஷத்துக்கு முந்தி இந்த வடிவு நீலப் பாவாடை போட்டு நின்னாளான்னு தோண்டிப் பாக்கப் போறா? ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அது தெரிஞ்சும் பேனா மூடியைத் திறக்கவும் மூடவுமா உக்காந்திருக்கேன். மூடி போடுற சத்தம் எனக்கே எரிச்சலா இருக்கு.

பூரணி அங்கன நிக்கா, வேப்பமரத்துக்குக் கீழ, ரோஜா அணியில கடைசி ஆளா. எம் மக. பதினோரு வயசு. இன்னும் நீலச் சுடிதார் தைக்கல, வீட்டு உடுப்புலதான் நிக்கா, ஆனா கழுத்துல ஒரு ஸ்கார்ஃப் மட்டும் யாரோ கடன் குடுத்திருக்காங்க. அதை மூணு தடவை அவுத்து மூணு தடவை கட்டிட்டா. ரெண்டு மாசமா வீட்டுல இதே பேச்சு, அம்மா கைட்ஸ், அம்மா கைட்ஸ். தோசை சுடும்போது கைட்ஸ், தலை பின்னும்போது கைட்ஸ். சரின்னு கூட்டிட்டு வந்தா மெகராஜ் அக்கா விஷயத்தைப் போட்டு உடைச்சாங்க. மெகராஜ் பானு, இந்தப் படையோட தலைவி, மேலப்பாளையம், பெரிய மருந்துக் கடை ஒண்ணுல பார்மசிஸ்டா இருந்து ஓய்வானவங்க, முழங்கால் ரெண்டும் தகராறு. சம்பளம் கிடையாது, சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நிக்கணும். “ஏம்மா, நான் ஒளிக்காம சொல்லிருதேன். பன்னெண்டு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆளு இருக்கணும், அதுதான் விதி. கூட இருந்த பிள்ளை மாப்பிள்ளைக்கு மாத்தலாகி ஓசூர் போயிட்டா. இப்ப நான் ஒருத்திதான். உங்க பொண்ணையும் சேத்து இருவத்திநாலு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இன்னொரு ஆளு கையெழுத்துப் போடலேன்னா பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். கடைசியா வந்தவங்க முதல்ல.” கடைசியா வந்தது யாருன்னு அவங்க சொல்லல. சொல்ல வேண்டிய தேவையும் இல்ல. நான் போட்டுருதேன் அக்கான்னு உடனே வாய் விட்டுட்டேன். எனக்கு அதுதான் வியாதி, வாய் முதல்ல போகும், நான் பின்னால நடந்து போவேன்.

கயித்து வாசனை வருது. புதுக் கயிறு இல்ல, பல பேரு கை பட்டுப் பட்டு வேர்வை ஏறின நூல் கயிறு. வலது மேல இடது, இடது மேல வலதுன்னு பிள்ளைங்க முணுமுணுத்துக்கிட்டே முடிச்சுப் போடுதாங்க. அந்த முடிச்சு மாறவே இல்ல. நானும் அப்படித்தான் முணுமுணுத்தேன், பதிமூணு வயசுல, வேற பள்ளிக்கூடம், வேற மைதானம், அங்கன வேப்பமரம் இல்ல, வாதாமரம். கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கு போல, துப்பட்டா நுனி சுருண்டு கிடக்கு, எப்பச் சுருட்டுனேன்னு தெரியல. ஸ்கார்ஃப் நுனியில ஒரு முடிச்சுப் போடுவோம். காலையில உடுப்பு மாட்டும்போது போட்டுறணும். அன்னைக்கு யாருக்காவது ஒரு நல்ல காரியம் செஞ்சாத்தான் அதை அவுக்கலாம். செய்யலேன்னா முடிச்சோட படுக்கணும், அவ்வளவு வெக்கக்கேடு அது. சாயங்காலம் ஆனா முடிச்சு இருக்கவங்க எல்லாம் நல்ல காரியத்துக்கு ஆள் தேடி ரோட்டுல அலைவோம். ரோட்டைக் கடக்க வேண்டாம்னு நின்ன ஒரு தாத்தாவை நானும் இசக்கியும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டோம். அவரு திட்டிக்கிட்டே தானாத் திரும்பி வந்தாரு. நாங்க ரெண்டு பேரும் முடிச்சை அவுத்துட்டு ஓடியாந்துட்டோம். இசக்கி சிரிச்சா அடங்க மாட்டா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவா. இசக்கியம்மாள். பதினேழாம் நம்பர். நான் நாலு.

நம்பருன்னு சொன்னா அது பெரிய விஷயம். படையில சேர்ந்த அன்னைக்கு ஒரு நம்பர் தருவாங்க, எங்க போனாலும், போறதுக்கு முந்தியும் வந்த பிறகும், அவங்கவங்க நம்பரை அவங்கவங்க சத்தமாச் சொல்லணும். நம்பர் வரிசையில நிக்க மாட்டோம், அணி அணியா நிப்போம், அதனால அடுத்த நம்பர் எந்த மூலையிலேருந்து வரும்னு தெரியாது. தலைவி தலையை எண்ண மாட்டாங்க. காதாலதான் எண்ணுவாங்க. ஏன்னா முதல் விதியே அதுதானே, சாரணியர் நம்பிக்கைக்கு உரியவர். நம்பிக்கைக்கு உரிய பிள்ளையைப் போயி ஆட்டுக்குட்டி மாதிரித் தொட்டு எண்ணுனா அது அவமானம்னு பிரிசில்லா அக்கா சொல்லுவாங்க. பிரிசில்லா ஞானமணி. பாத்தியா, மனசுக்குள்ள சொல்ல வருது, பேப்பர்ல எழுத வர மாட்டேங்குது. தபால் ஆபீசுல வேலை, கல்யாணம் ஆகல, சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிஞ்சதும் சைக்கிள்ல வந்து இறங்குவாங்க. கேரியர்ல முதலுதவிப் பெட்டி. இடது கையைத்தான் நீட்டுவாங்க, எங்க வழக்கம் அது, சாரணியர் எல்லாரும் இடது கையாலதான் கை குலுக்கணும். முதல் நாள் நான் சோத்துக்கையை நீட்டிட்டு முழிச்சேன். “இடது கை இதயத்துக்குப் பக்கத்துல இருக்குட்டி, அதைக் குடு” ன்னாங்க. எங்க வீட்டுல எனக்கு யாரும் கை குடுத்ததே இல்ல, எந்தக் கையும். அப்பா கண்ணால கூப்பிடுவாரு, அம்மா கரண்டியால கூப்பிடுவா. அந்தக் கை சொரசொரன்னு, முத்திரை மை பட்டு, நகத்துக்கடியில கறுப்பா இருந்துச்சு. அவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை ஒரு தடவை சொல்லிக்கிடணும், ரொம்பப் பிடிக்கும்.

மணி அஞ்சே முக்கால். மெகராஜ் அக்கா ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடி மடிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டே என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. நான் ஏதோ எழுதுற மாதிரி பேனாவை ஆட்டுனேன். நாப்பது வயசு ஆகப்போகுது, பரிச்சை ஹால்ல டீச்சரை ஏமாத்துற புத்தி போகல. எழுதேன், வடிவு. எழுதுனா என்ன ஆகும்? அதைத்தான் யோசிக்கேன். இது மாவட்ட ஆபீசுக்குப் போகும். அங்கன பழைய ஆளு யாராவது இருப்பாங்க. பிரிசில்லா ஞானமணியா, அந்த முகாம்ல பிள்ளையைத் தொலைச்ச தலைவியான்னு கேப்பாங்க. அந்தப் படையிலயா நீ இருந்தேன்னு கேப்பாங்க. அடுத்த கேள்வி என்னவா இருக்கும்? கேக்காமலும் போகலாம். கேக்காம போனா அது இன்னும் மோசம். அந்த அம்மா பேரை நானே என் கையால எழுதி, கெட்ட பேரோட எழுதி, ஒண்ணும் தெரியாத மாதிரி அதுக்குக் கீழ கையெழுத்துப் போடணும். அன்னைக்குச் செஞ்சதை இன்னைக்கு ஒருக்கா மறுபடி செஞ்ச மாதிரி. பைக்குள்ள தண்ணியைத் தேடுனேன். தண்ணி பாட்டிலை பூரணி எடுத்துட்டுப் போயிட்டா.

முகாம் மலையடிவாரத்துல, மூணு நாள். ரெண்டாவது நாள் மத்தியானம் குளிக்க வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முகாம்லேருந்து ரெண்டு மைல் நடை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ல இசக்கியோட அம்மா இருந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி வீட்டைவிட்டுப் போயி வேற ஒருத்தர்கூட இருந்தாங்க. பேரைச் சொன்னாலே இசக்கியோட அப்பா கையில கிடைச்சதை எடுத்து வீசுவாரு. “ஒரு மணி நேரம்தான் வடிவு. எங்க அம்மையைப் பாத்துட்டு ஓடியாந்துருதேன். ஒருவேளை பிந்திட்டா நம்பரை மட்டும் சொல்லிருட்டி.” நான்தான் எங்க அணித் தலைவி. வேண்டாம்னு சொல்ற அதிகாரம் எனக்கு இருந்துச்சு. ஆனா அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னா, நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா இன்னைக்கு வரைக்கும் அதையும் நினைச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். மூணு மணிக்கு விசில். தலை ஈரத்தோட நிக்கோம். பிரிசில்லா அக்கா குனிஞ்சு ஒருத்தி காலுல முள்ளு எடுத்துக்கிட்டே, சொல்லுங்க பிள்ளைகளான்னாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலுன்னு நான் சொன்னேன். பதினாறு வந்துச்சு. வாய்க்காலைப் பாத்தேன், பாதையைப் பாத்தேன், ஆளு இல்ல. தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டுப் பேசுனா குரல் தடிச்சு வரும், நாடகத்துல ஆம்பள வேஷம் போட்டப்பக் கத்துக்கிட்டது. பதினேழுன்னு சொன்னேன். என் காதுக்கே இசக்கி மாதிரி இருந்துச்சு. இருபத்திரெண்டு வரைக்கும் வந்துச்சு. சரி நடங்கன்னாங்க. நடக்கும்போது ஸ்கார்ஃப் முடிச்சை அவுத்தேன். அதைத்தான், அதைத்தான் என்னால இன்னும் தாங்க முடியல. பொய் சொன்னதுகூட சரி. அதை அன்னைக்கு உள்ள நல்ல காரியமாக் கணக்குல எடுத்துக்கிட்டு முடிச்சை அவுத்தேன் பாரு. வழியில அக்கா பாத்துட்டுக் கேட்டாங்க, “வடிவு முடிச்சை அவுத்துட்டாளே, என்ன செஞ்சே?” தண்ணிக் கொடம் தூக்கி விட்டேன்னு சொன்னேன். நல்ல பிள்ளைன்னாங்க.

நாலு மணிக்கு டீ ஊத்துனாங்க. ஒரு டம்ளர் மிஞ்சிருச்சு. அதை வச்சுத்தான் தெரிஞ்சுது. அந்த டம்ளர்ல ஆடை படிஞ்சு சுருங்குற வரைக்கும் நான் அதையே பாத்துக்கிட்டிருந்தேன், வாயைத் திறக்கல. இசக்கி அஞ்சரைக்குக் கிடைச்சா. ஓடி வரும்போது வாய்க்கால் படியில வழுக்கி கணுக்கால் முறிஞ்சு, ஒரு பம்புசெட்டுக்குப் பின்னால உக்காந்திருந்திருக்கா, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி. உசிருக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க, உசிருக்கு ஒண்ணும் இல்லைன்னு. அப்பா வந்து பள்ளிக்கூடத்துல ஆடுன ஆட்டத்துல அவ படிப்பு அன்னைக்கோட நின்னு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனப்ப என் காதுல சொன்னா, “வீடு பூட்டிக் கிடந்துச்சுட்டி.” அவ்வளவுதான் சொன்னா. நான்தான் நம்பர் சொன்னேன்னு அவ யார்கிட்டயும் சொல்லல. பதினெட்டு வயசுல கயத்தாறு பக்கம் கட்டிக் குடுத்தாங்க, ஒரு கல்யாண வீட்டுல பாத்தேன், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கா. சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காரல.

விசாரணைன்னு அஞ்சு பேரு நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. பிரிசில்லா அக்கா நின்னாங்க. பிள்ளைகளை எண்ணுனீங்களா? எண்ணுனேன், இருபத்திரெண்டும் சொன்னாங்க, பதினேழும் சொல்லுச்சு, என் காதால கேட்டேன். அந்தப் பிள்ளை ரெண்டு மணிக்கே போயிட்டேன்னு சொல்லுதே, எப்படிக் கேட்டிருக்கும்? எண்ணவே இல்ல, இப்பப் பொய் சொல்லுதாங்கன்னு ஒரு பெரிய மனுஷர் பக்கத்துல உள்ளவர்கிட்ட சொன்னாரு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அணித் தலைவியைக் கூப்பிடுங்கன்னாங்க. நான் போனேன். எண்ணுனாங்களா பாப்பான்னு கேட்டாங்க. அக்கா என்னையப் பாத்தாங்க. கெஞ்சுற பார்வை இல்ல அது, அப்படி இருந்திருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. சாதாரணமா, நான் உண்மையைச் சொல்லிருவேன்னு நினைச்சுக்கிட்டுப் பாக்குற பார்வை. எனக்குத் தெரியல சார், நான் தலை உலத்திக்கிட்டிருந்தேன்னு சொன்னேன். தமிழ்ல எத்தனையோ வார்த்தை இருக்கு, எனக்கு அன்னைக்கு வாயில வந்தது இதுதான். பிரிசில்லா அக்கா தன் ஸ்கார்ஃபைக் கழட்டுனாங்க. கசக்கிப் போடல, முக்கோணமா மடிச்சு, நுனியை நீவி, மேசையில வச்சாங்க. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. வேற ஆளு யாரும் முன்வரல, படையைக் கலைச்சுட்டாங்க. இருபத்தியொரு பிள்ளைக்கு சனிக்கிழமை இல்லாம போச்சு.

பூரணி வயித்துல இருக்கும்போது ஒரு நாள் பெரிய தபால் ஆபீசுக்குப் போனேன். மூணாவது கவுண்டர்ல அவங்க. தலை பூரா வெளுத்திருந்துச்சு. எனக்கு முன்னால நாலு பேரு, மூணு பேரு, ரெண்டு பேரு. சொல்லிருவோம்னு நினைச்சேன், நெசமாத்தான். என்னத்தைச் சொல்ல? ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பணும், அக்கா, அப்புறம் பதினேழுன்னு சொன்னது நான்தான் அக்கான்னா? அடுத்த ஆளுன்னு நிமிந்தாங்க. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மயக்கம் வர்ற மாதிரி விலகிட்டேன், பின்னால நின்ன அம்மா பாவம், விசிறிவிட்டாங்க. தபாலைக் கூரியர்ல அனுப்புனேன். அடையாளம் தெரிஞ்சிருக்குமா அவங்களுக்கு? தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா? பன்னெண்டு வருஷமா இந்த ரெண்டு கேள்வியையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கேன், விடை மட்டும் வர மாட்டேங்குது. லேப்ல டியூப் எண்ணும்போது ஒவ்வொரு மூடியையும் விரலால தொட்டுத்தான் எண்ணுவேன். புதுசா வந்த பிள்ளைங்க, மேடம் ஏன் மூடியைத் தடவுதாங்கன்னு சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.

“ஏம்மா வடிவு!” மெகராஜ் அக்கா. விசில் ஊதியாச்சு, பிள்ளைங்க லாடம் மாதிரி வளைஞ்சு நிக்காங்க. “நான் கயித்தையும் கொடியையும் உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துருதேன். நீங்க நம்பர் கேட்டுருங்க. அவங்களே சொல்லுவாங்க, நீங்க காதுல வாங்கிக்கிட்டா போதும். இருவத்திநாலு.” இன்னும் கையெழுத்தே போடல அக்கான்னு சொல்லப் போனேன், அதுக்குள்ள அவங்க முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே படியேறிட்டாங்க. ஃபாரத்தை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு நடுவுல போயி நின்னேன். எல்லாரும் என்னையப் பாக்காங்க. பூரணி மட்டும் பாக்காத மாதிரி நிக்கா, அம்மா வந்து நிக்கிறது வெக்கமா இருக்கு போல. சொல்லுங்கம்மான்னேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலுன்னு ஒரு கீச்சுக் குரல் சொல்லவும் என் பழைய நம்பருன்னு திரும்பிப் பாத்தேன், அடச்சே, நாலுன்னா நாலு. அஞ்சு. ஆறு. ஆறு சொன்னது வலது பக்கம் ரெட்டைச் சடை போட்ட பிள்ளை, நல்ல கணீர்னு குரல். பத்து, பதினொண்ணு. பதினேழு தானா வந்து தானாப் போச்சு, நான் மூச்சு விட்டேன். பதினெட்டு. பத்தொம்பது. பத்தொம்பது வலது பக்கத்துலேருந்து வந்துச்சு. கொஞ்சம் தடிப்பா. ரெட்டைச் சடைக்காரி தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சிருந்தா. இருபது, இருபத்தொண்ணு. கடைசியில பூரணி, “இருபத்திநாலு!” ஊருக்கே கேக்குற மாதிரி.

கணக்கு சரி. இருபத்திநாலு குரல் வந்துருச்சு. இப்படியே அக்காகிட்டப் போயி இருபத்திநாலுன்னு சொல்லலாம், அது பொய்யும் கிடையாது, பிரிசில்லா அக்கா சொன்ன மாதிரிதான், கேட்டேன், சொன்னாங்க. “ஒருக்கா மறுபடி” ன்னேன். “இந்தத் தடவை நீங்க சொல்ல வேண்டாம். நான் தொட்டு எண்ணுதேன்.” ஒரு முணுமுணுப்பு ஓடுச்சு. உயரமா ஒரு பிள்ளை, “ஆன்ட்டி, எங்க மெகராஜ் அக்கா நாங்க சொன்னா நம்புவாங்க” ன்னா, கோவமாவே. நல்ல கோவம் அது, இருக்க வேண்டிய கோவம். “நானும் நம்புதேன்மா. ஆனாலும் தொட்டுத்தான் எண்ணுவேன், எனக்கு அப்படித்தான் எண்ணத் தெரியும்.” ஒவ்வொரு தலையா, எண்ணெய் வச்ச தலை, வேர்த்த தலை, பூரணியோட தலை, அது என் கைக்குத் தெரியும். இருபத்திமூணு. ரெட்டைச் சடைக்கு முன்னால வந்து நின்னேன். நெஞ்சுல பேரு குத்தியிருந்துச்சு, கெசியா. ஸ்கார்ஃப் நுனி கசங்கிச் சுருண்டு இருந்துச்சு, முடிச்சு இல்ல. இப்பத்தான் அவுத்திருக்கா. எனக்கு அவளை அடிக்கணும்போல இருந்துச்சு, கட்டிப் பிடிக்கணும்போலயும் இருந்துச்சு. “பத்தொம்பது எங்க?” ன்னேன். அவ கண்ணுல தண்ணி முட்டிருச்சு. “அகல்யா கேட்டுக்கு வெளிய மாங்கா வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா.” இவ சொல்லி முடிக்கல, கேட்டு வழியா ஒரு பிள்ளை ஓடி வாறா, கையில காகிதப் பொட்டலம், வாய் நிறைய மாங்கா. என்னையப் பாத்ததும் மெல்லுறதை நிறுத்திட்டா. இவ்வளவுதான். உப்பு மிளகாப்பொடி போட்ட மாங்கா. இதுக்குப் போயா இப்படி வேர்க்குது எனக்கு? ஆனா வாய்க்கால் படியில தண்ணி ஓடாம இருந்திருந்தா அன்னைக்கும் இவ்வளவுதான்.

கெசியா என் கையைப் பிடிச்சா. “மெகராஜ் அக்காகிட்ட சொல்லிராதீங்க அக்கா. எங்களை நிறுத்திருவாங்க. ப்ளீஸ் அக்கா.” ஒரு நிமிஷத்துக்கு முந்தி வரைக்கும் நான் ஆன்ட்டி, இப்ப அக்கா. அந்தக் கை சின்னக் கை, ஈரமா இருந்துச்சு, கீழ பாத்தா அது இடது கை. பெஞ்சுக்குத் திரும்பி வந்து மடிப்பை விரிச்சு, பத்தாவது வரியில எழுதுனேன். உண்டு. 1998. பிரிசில்லா ஞானமணி. கை நிக்கல. அந்த வரி முடிஞ்சு ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு இடம் இருந்துச்சு, அதுல பொடி எழுத்தா எழுதுனேன், ‘அவர் எண்ணியது சரி. பதினேழு என்று பொய்யாகச் சொன்னது நான்.’ கையெழுத்துப் போட்டேன். அப்புறம் கெசியாவைக் கூப்பிட்டேன். “நான் சொல்ல மாட்டேன்மா. நீயே சொல்லு. வா, நானும் கூட வாறேன், எனக்கும் அவங்ககிட்டச் சொல்ல ஒண்ணு இருக்கு.” அவ அழுதுக்கிட்டே வந்தா. நான் அழல. அழுதிருக்கலாம்.

மெகராஜ் அக்கா கெசியா சொன்னதைக் கேட்டாங்க, திட்டல, போயி முகத்தைக் கழுவிட்டு வான்னாங்க. அப்புறம் ஃபாரத்தை வாங்கிக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு வாசிச்சாங்க. ஓரத்து எழுத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கீழ இறக்கி மறுபடி வாசிச்சாங்க. “இது மேல போனா கூப்பிட்டுக் கேப்பாங்கம்மா.” கேக்கட்டும் அக்கா. “உங்களை வேண்டாம்னு சொன்னாலும் சொல்லிருவாங்க. பிள்ளைக்கும் சேத்துத்தான்.” தெரியும் அக்கான்னேன். “வேற ஃபாரம் இருக்கு, தரட்டா?” வேண்டாம் அக்கா. அவங்க அதை உறையில போட்டு ஒட்டுனாங்க. “பதில் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளைகளை எண்ண ஆளு வேணும்லா. அடுத்த சனிக்கிழமை நாலரைக்கு வந்துருங்க.” இடது கையை நீட்டுனாங்க. நான் ஒரு நிமிஷம் பாத்துட்டுத்தான் குடுத்தேன்.

வெளிய ஸ்கூட்டர் சீட்டு கொதிச்சுக் கிடக்கு. பூரணி ஸ்கார்ஃபைத் திருப்பிக் குடுத்துட்டா, கழுத்து வெறிச்சுனு இருக்கு. “என்னைய எடுத்துட்டாங்களாம்மா?” தெரியாதுட்டி. “நீ கையெழுத்துப் போட்டியா, இல்லியா?” போட்டேன். “அப்புறம் என்ன?” அப்புறம் என்னன்னா, ஒருத்தங்ககிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு, அதை உனக்கு வீட்டுல போயி சொல்லுதேன். பிரிசில்லா அக்கா எங்க இருக்காங்கன்னு தபால் ஆபீசுல கேட்டா சொல்லுவாங்க, பென்சன் வாங்குற ஆளு, அட்ரஸ் இருக்கும். திங்கக்கிழமை அரை நாள் லீவு சொல்லணும். ஏறு. அவ பின்னால ஏறுனா, வண்டி ஒரு தடவை அமுங்கி எந்திரிச்சுது. “ஏறிட்டேன்மா, போ” ன்னா. நான் கையைப் பின்னால கொண்டுபோயி அவ முட்டியைத் தொட்டுப் பாத்துட்டு வண்டியை எடுத்தேன்.